காயாத தெற்குச் சுவர்

அது ஜப்பானிய ஆண்டுக் கணக்கில் ஷோவா நாற்பத்தெட்டா நாற்பத்தொன்பதா என்று எனக்கு இப்போது உறுதியில்லை; இரண்டு ஆண்டுகளும் நினைவில் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்துவிட்டன. ஆனால் ஷிகோகுத் தீவின் கரையில், இசோமே துறைமுகத்தில், யசுஜி வீட்டின் தெற்குச் சுவருக்கு அந்த ஏப்ரலில் அடித்த பெயிண்ட் அதன்பிறகு காயவே இல்லை. அதில் சந்தேகமில்லை. என் அலுவலகக் கோட்டின் இடது தோளில் அதன் நீலம் இருக்கிறது.

அடித்தவர் பெயிண்டர் கஜிதானி. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, அதன்மேல் இடைப்பூச்சும் மேல்பூச்சும் அடிப்பது எங்கள் பக்கத்து முறை. இடைப்பூச்சை ஒரு சாயல் வெளிறலாக அடிப்பார்கள். ஒரு பூச்சும் திருடப்படவில்லை என்பதற்கு வீட்டுக்காரருக்கு அதுவே சாட்சி. அன்று காலை வடக்குச் சுவருக்கு இடைப்பூச்சை முடித்து, அதே டின்னைத் தூக்கி வந்து தெற்குச் சுவரில் ரோலரை ஓட்டி முடித்திருந்தார். படகு எஞ்சின் பழுதுபார்க்கும் யசுஜி வேலைக்குக் கிளம்பியவர், போகிற போக்கில் சுவரில் ஒரு விரலை வைத்தார்.

“ஏண்ணே, ஈரம்னு கண்ணுக்குத் தெரியலையா? வச்சுப் பாத்தாதான் நம்புவீங்களா?” என்றார் கஜிதானி.

யசுஜி நீல விரலை மனைவி மசுவேயிடம் காட்டினார். “இந்தச் சுவரு காயறதுக்குள்ள வந்துடுறேன். சோறு எடுத்து வை.”

பழுது பார்த்த படகை வெள்ளோட்டம் விட அலைதடுப்புச் சுவரைத் தாண்டிப் போனார். படகும் வரவில்லை, பலகையும் ஒதுங்கவில்லை.

சுவர் நான்காம் நாளும் ஈரமாக இருந்தது, நான்காம் மாதமும் இருந்தது. மழை அதில் உருண்டு ஓடியது, தூசி ஒட்டவில்லை. உரசிய தகைவிலான் குருவிகள் நீலச் சிறகோடு எதிர்த்தீவு வரை போய்வந்தன. அங்கே யாரும் விசாரிக்கவில்லை. ஒரு புயல் கூரை ஓடுகளை அள்ளிப் போனபோதும் சுவரிலிருந்து ஒரு சொட்டு வழியவில்லை. ஒவ்வொரு ஏப்ரலிலும் கஜிதானி வந்து, விரல் நுனியால் தொட்டு, தின்னர் நனைத்த துணியில் விரலைத் துடைத்துக்கொண்டு, “இன்னும் ஈரந்தான்க்கா” என்பார். ‘பெயிண்ட் ஈரம்’ என்று புதிய அட்டை எழுதித் தொங்கவிட்டுப் போவார். தெற்குச் சுவரைத் தாண்டி ஓரடி வைக்கமாட்டார். மசுவே தினமும் மதியத்துக்கு எடுத்து வைத்த சோற்றை மாலையில் எடுத்து உள்ளே வைப்பார்.

ஏழு ஆண்டுகள் கழிந்தால் காணாமல் போனவரை இறந்தவராகப் பதியலாம். யசுஜியின் அண்ணன் அதற்கு மனு கொடுத்தார். கையெழுத்துக்குப் பதிலாக வைக்கும் மனைவியின் முத்திரையை வாங்கிவர, நான் வேலை பார்த்த நகராட்சி அலுவலகத்தில் என்னை அனுப்பினார்கள். மசுவே படிவத்தை இரண்டு முறை படித்தார்.

“சுவரு காயலையே தம்பி. காஞ்சதும் வாங்க, வச்சுத் தர்றேன்.”

ஷூ நாடா கட்ட நான் அந்தச் சுவரில் தோளைச் சாய்த்தது அப்போதுதான். கோப்பில், ‘சுவர் காயவில்லை, ஒத்திவைக்கப்படுகிறது’ என்று எழுதினேன். மேலதிகாரி படித்துவிட்டு, இடைப்பூச்சா மேல்பூச்சா என்று கேட்டார். இடைப்பூச்சு என்றேன். முத்திரை வைத்தார்.

பதினோராவது ஏப்ரலில் நான் படிவத்தோடு அங்கே இருந்தபோது கஜிதானி வந்தார். சுவரைத் தொடவில்லை. துணி முடிச்சை அவிழ்த்து, திறக்கப்படாத ஒரு சிறிய டப்பாவை மசுவேயின் முன்னால் வைத்து, மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைத்தார்.

“ஹார்ட்னர்க்கா. இதக் கலந்தாதான் பெயிண்ட் இறுகும். அன்னிக்குக் கலக்க மறந்துட்டேன். சாயங்காலம் வண்டியில கெடந்துச்சு. மொதல்ல பேரு கெட்டுடும்னு சொல்லல. அப்புறம் நீங்க சோறு எடுத்து வைக்கிறதப் பாத்து சொல்ல முடியல. அது காயாததுக்கு என் தப்புதான் காரணம், வேற ஒண்ணுமில்ல. அண்ணன் வரமாட்டார்க்கா. தம்பிக்கு முத்திரை வச்சுக் குடுத்துடுங்க.”

மசுவே டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். துறைமுகத்துக்குள் ஒரு படகு வந்தது, கட்டப்பட்டது, அதன் எஞ்சின் நின்றது. பிறகு கேட்டார்.

“வடக்குச் சுவருக்கும் அதே டின்னுதானே, மேஸ்திரி?”

“ஆமா.”

“எந்திரிங்க. வந்து பாருங்க.”

வீட்டைச் சுற்றிப் பின்னால் போனோம். வடக்குச் சுவர் காய்ந்து, வெளுத்து, மூலைகளில் பாசி பிடித்திருந்தது. கஜிதானி உள்ளங்கையால் தேய்த்தார். நகத்தால் கீறினார்.

“இது காஞ்சிருக்கக் கூடாதே.”

“மூணாம் நாளே காஞ்சிடுச்சு. பதினோரு வருசமா முன்னாடியே நின்னு பாத்துட்டுப் போனா எப்பிடித் தெரியும்?”

“அப்போ அந்தச் சுவரு?”

“அவரு தொட்டது அதத்தானே” என்றார் மசுவே. “அவருக்கு எப்பவுமே நடை மெதுவு. நீங்க சாப்பிட்டுப் போங்க.”

கஜிதானி சாப்பிட்டார். போகும்போது புதிய அட்டை எழுதித் தொங்கவிட்டார்.

மூன்று குளிர்காலம் கழித்து அவர் இறந்தார். அட்டை எழுத இப்போது அவருடைய மகள் வருகிறாள். யசுஜியின் அண்ணன் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். நான் ஓய்வு பெற்றேன். கோப்பு அலமாரியில் ஒத்திவைக்கப்பட்டே இருக்கிறது. மசுவேக்கு எண்பத்து மூன்று வயது. மதியச் சோறு எடுத்து வைக்கிறார். யசுஜி இன்னும் வந்து சேரவில்லை. சுவர் ஈரமாக இருக்கிறது.