பதினோரு விநாடிப் பேய்

மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவளுக்கு ஒரு வழக்கமான கேள்வி உண்டு. வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா, அது தெளிவா என்பாள். பத்துப் பதினைந்து வில்லை ஆனதும் சிலருக்குச் சலித்துவிடும். எதைப் போட்டாலும் தெளிவு என்பார்கள். அந்தத் தொனி அவளுக்கு அத்துப்படி.

அன்று மதியம் லீவு சொல்லிவிட்டு, பழைய வீடியோ கேசட்டுகளைக் கணினியில் ஏற்றித் தரும் கடைக்குப் போனாள். கையில் ஒரு பேய்ப்படத்தின் இரண்டாம் பாகம். முதல் பாகம் ஓடோ ஓடென்று ஓடியது. இரண்டாவது மூன்றே நாளில் பெட்டிக்குள் போய்விட்டது. காலி நாற்காலிகளைப் பார்த்துப் பேயே பயந்திருக்கும் என்று அப்போது கேலி பேசினார்களாம். நாற்பது வருடமாக யாரும் சீண்டாத படம்.

அதில் மாடிப்படியில் நிற்கும் பேய்க்குக் குரல் கொடுத்தது அவளுடைய அம்மா. பேச வேண்டியவள் வராததால், ஒலிப்பதிவாளரான அப்பா வீட்டிலிருந்து அம்மாவை அழைத்துப்போய்ப் பேசவைத்தார். மறுவருடமே அம்மா போய்ச்சேர்ந்தாள். இவள் அப்போது கைக்குழந்தை. ஊரார் குரலையெல்லாம் டேப்பில் பிடித்த மனிதர், வீட்டுக்காரியின் குரலை வேறெங்கும் பிடித்துவைக்கவில்லை. அம்மா எப்படிப் பேசுவாள் என்று தெரிந்துகொள்ள மிச்சம் இருப்பது அந்தப் பதினோரு விநாடிதான்.

படத்தில் கேட்பது வெறும் உறுமல். அதைச் செய்யும் விதம் எளிது. வசனத்தை நேராகப் பேசிப் பதிவு செய்வார்கள். டேப்பைக் கடைசியிலிருந்து முன்னுக்கு ஓட்டுவார்கள், சொல் குழம்பிவிடும். வேகத்தைப் பாதியாக்குவார்கள், குரல் தடித்துவிடும். ஆகவே அதைத் திருப்பிப் போட்டு வேகத்தை இரட்டித்தால், பேசியவள் வெளியே வந்துவிட வேண்டும்.

கடைக்காரர் அப்படியே செய்தார். "விளக்கை அணைக்காதே, நான் இன்னும் போகவில்லை" என்று வசனம் எழுந்துவந்தது. ஆனால் முதல் சொல்லைப் பேசியது ஒரு குழந்தை. கடைசிச் சொல்லைப் பேசியது தொண்டை கட்டிய ஆண். நடுவில் யார் யாரோ.

வேகம் ஏறி இறங்கியிருக்கிறது, வழி இருக்கிறது என்றார் அவர். பழைய பதிவுகளின் அடியில் கரண்டு இரைச்சல் 'ம்ம்' என்று ஓடிக்கொண்டே இருக்கும். அதன் சுருதி மாறவே மாறாது. டேப்பின் வேகம் மாறியதால் அது வளைந்திருக்கும் இடங்களை நிமிர்த்தினால், மேலே இருக்கும் குரலும் கூடவே நிமிர்ந்துவிடும். ஒரு மணி நேரம் தேடினார். அம்மாவின் குரலுக்கு அடியில் துளி இரைச்சல் இல்லை.

வீட்டில் அப்பா சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பேய்க்குரல் பதிஞ்சப்போ டேப் மோட்டார்ல ஏதாவது கோளாறாப்பா?"

"மோட்டார் ஒழுங்கா ஓடுச்சு, அதான் கோளாறு. பேய் மெஷின் மாதிரி பேசுச்சு. மோட்டாரை நிறுத்திட்டு, சக்கரத்தைக் கையால சுத்தினேன். கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் விட்டு."

"அடியில இரைச்சல் இருந்தா சரிபண்ணிடலாமாம். அதைக் காணோம்."

"எப்படி இருக்கும்? ரெண்டு நாள் உக்காந்து வடிகட்டினேன். என் பதிவுல இரைச்சலே இருக்காதுன்னு..." பெருமையாகத்தான் தொடங்கினார். பாதியில் ஊசி நின்றது.

இனி இருப்பது ஒரே கருவி, அம்மாவைக் கேட்ட காது. 'நான்' என்ற சொல்லை மட்டும் வெட்டி, பன்னிரண்டு வேகங்களில் கடைக்காரர் போட்டுக் கொடுத்திருந்தார். எதில் அம்மா இருக்கிறாளோ, அதை வைத்து மற்ற சொற்களைச் சரிசெய்யலாம்.

முதலாவதை ஓடவிட்டாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். "இதான்மா."

இரண்டாவது. "இதான்."

மூன்றாவதற்கும் அதையேதான் சொன்னார். அந்தத் தொனி அவளுக்குத் தெரியும். ஆனாலும் நிறுத்தவில்லை. பன்னிரண்டாவது அடித்தொண்டையில் ஓர் ஆணின் குரலாக வந்தது.

"அம்மாதான்" என்றார் அப்பா.

அவள் கணினியை மூடப்போனாள்.

"இன்னொரு தடவ போடேன்."

"எதைப்பா?"

"எதையாவது."