குண்டானுக்கு வசனம் இல்லை

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் மனைவி ஓர் இயந்திரத்துக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதற்கு வாய் கொடுக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள்.

அவள் அனிமேஷன் படங்களில் பாத்திரங்களை அசைய வைப்பவள். நான் தொலைக்காட்சித் தொடர்களுக்கு வசனம் எழுதுபவன். பேச்சில்லாமல் பிழைப்பவளும் பேச்சிலேயே பிழைப்பவனும் ஒரே வீட்டில்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

‘அந்த ரோபோ அழுதது. அதன் உலோகக் கன்னத்தில்…’

அடித்துவிட்டேன். அதற்குக் கன்னமே கிடையாது. ஆஸ்பத்திரியில் அழுக்குத் துணி சுமக்கும் ரோபோ அது. உருண்டை உடம்பு, சக்கரங்கள், நீண்டு மடங்கும் கழுத்து, கழுத்தின் நுனியில் ஒற்றைக் கண், கண்ணுக்கு மேலும் கீழும் ஒவ்வொரு மூடி. அவ்வளவுதான். படத்தில் அதற்கு ஏதோ ஓர் எண் உண்டு. ஸ்டூடியோவில் எல்லோரும் குண்டான் என்றே கூப்பிட்டார்கள்.

2

படத்தின் கதை சின்னது. நெடுநாளாகப் படுத்திருக்கும் ஒரு பெண், குண்டான் துணியெடுக்க வரும்போதெல்லாம் கையசைப்பாள். ஒருநாள் அது வரும்போது கட்டில் காலி. அவள் குணமாகி வீட்டுக்குப் போய்விட்டாள். அது நமக்குத் தெரியும், குண்டானுக்குத் தெரியாது. வாசலில் நிற்கிறது. பிறகு துணியை எடுத்துக்கொண்டு போகிறது.

அது அப்படி நிற்பதற்காக என் மனைவி வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்தாள். சும்மா நிற்பதற்கு இவ்வளவு வேலையா என்று ஒருமுறை வாய்தவறிக் கேட்டுவிட்டேன். பக்கத்தில் உட்காரச் சொல்லி இரண்டு விதமாக ஓட்டிக் காட்டினாள். முதலாவதில் கண்ணும் உடம்பும் சேர்ந்தே திரும்பின. கடை வாசலில் மாட்டிய கேமரா மாதிரி இருந்தது. அடுத்ததில் கண் மட்டும் முதலில் கட்டிலுக்குப் போனது. உடம்பு கொஞ்சம் பின்தங்கி வந்தது. மேல் மூடி பாதி இறங்கி, அங்கேயே நின்றுவிட்டது. நான் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

“கண்ணு போயிடுச்சு, உடம்புக்குப் போக மனசில்ல. அந்த இடைவெளியில நாம போய் உக்காந்துக்கறோம். குண்டானுக்கு ஒண்ணும் தெரியாது. வருத்தப்படறது பாக்கறவங்கதான்” என்றாள்.

(இதைப் படித்துப் பார்த்தவள், தான் அவ்வளவெல்லாம் பேசவில்லை என்கிறாள். “பாத்தீங்களா?” என்று மட்டும்தான் கேட்டாளாம். இருக்கட்டும். தொழில் புத்தி.)

3

இந்த இடத்தில் எனக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டான். இயக்குநரை வைத்து முயன்று பார்த்தேன்: ‘அவருடைய உதட்டோரத்தில் ஏளனமாக ஒரு…’

சரிப்படவில்லை. அவர் நல்ல மனிதர், பயந்துபோயிருந்தார், அவ்வளவுதான். வாயில்லாத ரோபோவை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று தயாரிப்பாளர்கள் கேட்டிருக்கிறார்கள். வாசல் காட்சிக்கு மட்டும் ஒரே ஒரு வரி எழுதித் தரச் சொன்னார். ஜனங்களுக்குப் புரிய வேண்டுமே என்றார்.

வரி வந்தால் காட்சியை அதன் நீளத்துக்கு வெட்டிவிடுவார்கள். என் மனைவியின் வாரங்கள் எல்லாம் ஒரு மூச்சில் முடிந்துவிடும். விஷயத்தை வீட்டில் சொன்னபோது அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். எழுதுங்கள், உங்கள் வேலை அதுதானே என்றாள். கத்தி மட்டும் கொஞ்சம் வேகமாக இறங்கியது.

எழுதினேன். ‘கை காட்டாமலே போயிட்டியே.’ நல்ல வரி. இன்றைக்கும் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

4

நடிகர் பிறகு வரட்டும், இப்போதைக்கு உங்கள் குரலிலேயே பதிந்து பார்ப்போம் என்றார் இயக்குநர். கண்ணாடி அறைக்குள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நின்றேன். வெளியே ஒலிப்பதிவாளரும் இயக்குநரும் இருந்தார்கள். சுவரோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு என் மனைவி.

திரையில் குண்டான் வந்தது. முன் சக்கரம் அறைக்குள், பின் சக்கரம் வெளியே. கழுத்தை உள்ளே நீட்டியது. வேண்டாம் என்பதுபோல் இழுத்துக்கொண்டது. உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்தது. மறுபடியும் நீட்டியது.

அது நான்.

அவள் வேலையில் மூழ்கியிருக்கும்போது டீயை எடுத்துக்கொண்டு போய், கூப்பிடலாமா கூடாதா என்று தெரியாமல் நான் வாசலில் நிற்பது அப்படித்தான். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. அவள் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததாக நினைவில்லை.

சொல்ல வேண்டிய இடம் வந்தது, போனது. நான் வாயைத் திறக்கவில்லை. மறுபடி ஓட்டச் சொன்னேன். அப்போதும் வரவில்லை. அதற்கடுத்த முறை ஒருவழியாகச் சொல்லிவிட்டேன், திருத்தமாக, உணர்ச்சியோடு. சொன்ன உடனே குண்டான் செத்துப்போனது. உள்ளே ஓர் ஆளை உட்கார வைத்துப் பேசவிட்ட தகர டப்பா ஆகிவிட்டது.

இயக்குநர் எல்லாவற்றையும் திரும்பப் போட்டுப் பார்த்தார். அப்புறம் பொத்தானை அழுத்தி என்னிடம் பேசினார்.

“அண்ணே, நீங்க பேசாம நின்னீங்களே, அப்பதான் எனக்குப் புரிஞ்சுது. வரி வேணாம். தயாரிப்பாளருங்ககிட்ட நான் பேசிக்கறேன்.”

பேசினார். காட்சி முழு நீளத்தில் தப்பித்தது. படம் வெளியானபோது அந்த இடத்தில் அரங்கில் ஒருவரும் இருமவில்லை. தொழிலில் நான் தோற்று, வீட்டுக்குச் சந்தோஷமாகப் போன நாள் அந்த ஒலிப்பதிவு நாள்தான்.

5

இனி முடிவு. மூன்று வைத்திருக்கிறேன்.

ஒன்றில், அது நான்தானே என்று கேட்கிறேன், அவள் ஆமாம் என்கிறாள். (இனிப்பு அதிகம்.) இன்னொன்றில், அது அவளுடைய அப்பா என்கிறாள், எனக்கு லேசாகப் பொறாமை… (வேண்டாம், மாமனார் படிப்பார்.) மற்றொன்றில் நான் கேட்கவே இல்லை. அது பொய். ஒலிப்பதிவு முடிந்து பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததுமே கேட்டுவிட்டேன்.

அவள் பதில் சொன்னாள். ஒரு வார்த்தையில் அல்ல. நாங்கள் இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போகும் அளவுக்குச் சொன்னாள். அதில் ஒரு வரியைக்கூட இங்கே எழுதப்போவதில்லை.

நீங்கள் தெருவின் எதிர்ப்பக்கம் நின்றுகொள்ளுங்கள். நடுவில் வண்டிகள் போகின்றன, எதுவும் காதில் விழாது. இறங்கித் திரும்பி நடந்து வருகிறோம். அவள் முன்னால் போகிறாள். எதையோ சொல்லிக்கொண்டே என் பக்கம் திரும்பிப் பின்பக்கமாக நடக்கிறாள். நான் நின்றுவிடுகிறேன். அவள் திரும்பி வந்து, என் தோளிலிருக்கும் பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொள்கிறாள்.

என்ன சொன்னாள் என்று இப்போது நீங்கள் சொல்லுங்கள்.