இரண்டு சிலிண்டர் கோளாறு

அந்த ஒர்க்‌ஷாப்பின் நடுவே செங்கல் சுவர் எழும்பி மூன்று வருடமாகிறது. விவாகரத்தின்போது கணவனும் மனைவியும் கட்டடத்தையும் பிரித்துக்கொண்டார்கள். முன்பக்கத்து ஷெட்டும் இன்ஜின் வேலையும் அவனுக்கு. சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டரைச் சோதிக்கும் மேஜை இருந்த பின்னறை அவளுக்கு. லாரிக்காரர்கள் அவனை இன்ஜின்காரர் என்பார்கள், அவளை, இன்ஜெக்டரின் பீச்சும் நுனியின் பெயரால், நாசில் அக்கா என்பார்கள். இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனால் அவன் கழற்றும் இன்ஜெக்டர்களைச் சோதிக்க அவளை விட்டால் அந்த வட்டாரத்தில் வேறு ஆளில்லை. அதனால் வண்டியின் ஓட்டுநரே இன்ஜெக்டர் பெட்டியைச் சுமந்துகொண்டு சுவரைச் சுற்றி வருவார். ஒருவர் பேச்சை இன்னொருவரிடம் கொண்டு சேர்ப்பதும் அவர் தலையில்தான் விழும்.

அன்று காலை வந்த ஓட்டுநர் பெட்டியோடு வரவில்லை, வெறுங்கையோடு வந்தார். வாசலில் நின்றபடியே கத்தத் தொடங்கினார். இரண்டு நாளைக்கு முன்புதான் அவருடைய லாரியின் ஆறு இன்ஜெக்டர்களையும் அவள் சோதித்துக் கொடுத்திருந்தாள். நேற்று மலையேற்றத்தில், முழு லோடோடு, வண்டி திணறி இழுவை விட்டுப் பின்னால் உருண்டிருக்கிறது. அவர் பிரேக்கின் மேல் ஏறி நின்றும் பத்தடி தள்ளித்தான் நின்றதாம். பின்னால் வந்த வேன்காரர் சுதாரித்து ஒதுங்கியதால் பிழைத்தார்கள். கேபினில் ஓட்டுநரின் மனைவி இருந்திருக்கிறாள், ஆறு மாதக் கர்ப்பம்.

"இன்ஜின்ல ஒண்ணும் இல்ல, எல்லாம் உங்க கை பட்ட நாசில்தான்னு இன்ஜின்கார அண்ணன் சொல்றாரு" என்றார்.

அவள் ஸ்பேனரையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு சுவரைச் சுற்றி நடந்தாள். மூன்று வருடத்தில் அந்த ஷெட்டுக்குள் அவள் கால் வைப்பது அதுதான் முதல் முறை. இன்ஜின்காரன் பம்பரில் சாய்ந்து நின்றிருந்தான். அவளைப் பார்க்காமல் ஓட்டுநரிடம், இது என் இடம், யாரைக் கேட்டு உள்ளே வருகிறார்கள் என்றான். வண்டி என்னுடையது, அவங்க பார்க்கட்டும் என்று ஓட்டுநர் வெடுக்கென்று சொன்னதும் வாயை மூடிக்கொண்டான்.

இன்ஜினை ஓடவிடச் சொன்னாள். கேட்டதுமே தெரிந்தது, ஆறு சிலிண்டரில் ஒன்று வேலை செய்யவில்லை. நொண்டி நடப்பதுபோல ஒரு தாளம் விட்டு விட்டு ஓடியது. முதல் சிலிண்டருக்குப் போகும் டீசல் குழாயின் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தினாள். டீசல் கசிந்து இன்ஜின் இன்னும் தள்ளாடியது. அப்படியென்றால் அந்தச் சிலிண்டர் நல்லபடி எரிகிறது. முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனாள். இரண்டும் மூன்றும் அப்படியே. நாலாவதைத் தளர்த்தியபோது சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஐந்தும் ஆறும் சரியாக இருந்தன.

"பாத்தியா, நாலாம் இன்ஜெக்டர் செத்துக் கெடக்கு" என்று இன்ஜின்காரன் ஓட்டுநரின் தோளைத் தட்டினான்.

நாலாவது இன்ஜெக்டரை ஆறிலும் ஆறாவதை நாலிலும் மாற்றிப் போடச் சொல்லும்படி அவள் ஓட்டுநரிடம் சொன்னாள். கோளாறு இன்ஜெக்டருடையது என்றால் அதோடு சேர்ந்து ஆறுக்குப் போகும், இல்லையென்றால் இருந்த இடத்திலேயே நிற்கும். வீண் வேலை என்று முனகிக்கொண்டே இன்ஜின்காரன் மாற்றினான். திரும்ப ஓடவிட்டார்கள். செத்துப்போனதாகச் சொன்ன இன்ஜெக்டர் ஆறில் ஜோராக எரிந்தது. நாலு மட்டும் பழையபடி ஊமையாகவே இருந்தது.

அவள் நாலாவதை மறுபடி கழற்றவைத்து அந்தக் குழிக்குள் டார்ச் அடித்தாள். அடியில், கசிவை அடைக்கும் செம்பு வாஷர், பழையது, கரி பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. இன்ஜின்காரன் அதை எடுக்காமல், மேலேயே புது வாஷரை வைத்து இன்ஜெக்டரை இறுக்கியிருக்கிறான். இன்ஜெக்டர் கோணலாகத் தூக்கி நின்று, அந்தச் சிலிண்டரின் அழுத்தமெல்லாம் இடுக்கு வழியே வெளியேறிக்கொண்டிருந்தது. கொக்கியால் சுரண்டி எடுத்த வாஷரை ஓட்டுநரின் உள்ளங்கையில் வைத்தாள். இன்ஜின்காரன் துணியால் கை துடைக்கத் தொடங்கினான். சுத்தமான பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தான்.

சரியாகப் பூட்டி ஓடவிட்டதும் இன்ஜின் சீராகிவிட்டது. ஓட்டுநரின் முகம் தெளிந்தது. அவள் அப்போதே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கலாம். ஜெயித்தாயிற்று.

ஆனால் சத்தத்துக்குள் இன்னொரு சத்தம் அவள் காதில் விழுந்தது. மெல்லிய 'டொக் டொக்'. மற்ற இருவருக்கும் அது கேட்டதாகத் தெரியவில்லை. திரும்பி வந்து குழாய்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தினாள். இரண்டாவதைத் தளர்த்தியதும் அந்த டொக் நின்றது.

எதனால் என்று அவளுக்குச் சோதிக்காமலே தெரியும். அன்றைக்குப் பெட்டியைக் கொடுத்தபோது, எங்கிட்ட காட்ட முடியாத கோபத்தை நாசில்ல காட்ட வேணாம்னு அவங்ககிட்ட சொல்லு என்று இன்ஜின்காரன் சொல்லி அனுப்பியிருந்தான். ஓட்டுநரும் ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தார். கொதித்துப்போய், பெட்டி கண்முன்னாலிருந்து தொலையட்டும் என்று கடகடவென்று சோதித்தாள். இரண்டாவதன் நுனியில் லேசான ஈரம் தெரிந்ததாக ஞாபகம். துடைத்துவிட்டு, போதும் என்று வைத்துவிட்டாள்.

"ரெண்டாவதைக் கழட்டச் சொல்லுங்க. அது என் தப்பு" என்றாள்.

மூன்று பேரும் பின்னறைக்குப் போனார்கள். மேஜையில் பூட்டி நெம்புகோலை மெதுவாக அழுத்தினாள். பனிபோலப் பீச்சுவதற்கு முன்னாலேயே நுனியில் ஒரு சொட்டு திரண்டு கீழே விழுந்தது. இப்படிச் சொட்டிக்கொண்டே ஓடினால் ஒருநாள் பிஸ்டன் ஓட்டையாகிவிடும், அதுவும் ஏற்றத்தில்தான் நடக்கும் என்று ஓட்டுநருக்கு விளக்கினாள்.

இன்ஜின்காரன் மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்துப் பேசினான். "இந்த லட்சணத்துலதான் என் கடைக்குள்ள வந்து எனக்குப் பாடம் எடுத்தியா?"

"நான் என் தப்பைச் சொல்லிட்டேன். நீ இன்னும் உன் தப்பைச் சொல்லல."

"அதென்ன பெரிய தப்பு? ஒரு வாஷர்."

அந்த வாஷரை ஓட்டுநர் மேஜையின் மேல் வைத்தார். காலையில் கத்தியவர் இப்போது தணிந்த குரலில் பேசினார். "உங்க சண்டை உங்களோட இருக்கட்டும்னு நானும் ரெண்டு பக்கமும் சுமந்தேன். வண்டில என் பொண்டாட்டி உக்காந்திருந்தா. ரெண்டு பேருமா சேந்து அவளைக் கொல்லப் பாத்திருக்கீங்க."

அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. புது நாசில் போட்டு, இரண்டு முறை சோதித்து, மூன்றாவது முறையும் சோதித்துக் கொடுத்தாள். வாஷர்கள் எல்லாவற்றையும் ஓட்டுநர் பக்கத்தில் நின்று எண்ணிப் பார்த்த பிறகே பூட்டவிட்டார். மதியத்துக்குள் வண்டி கிளம்பிவிட்டது.

அந்த வாரமே இன்ஜின்காரன் கதையில் பாதியை ஊரெல்லாம் பரப்பினான். இரண்டாம் சிலிண்டர் மட்டும் அதில் இருந்தது. போய் மீதியைச் சொல் என்று அவளுடைய தங்கை துடித்தாள். சொன்னால் இன்னொரு சண்டை, அந்தக் கோபத்தோடு சோதிக்க இன்னொரு பெட்டி என்று அவள் மறுத்துவிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவன் இருக்கும்வரை தன் கை தன் பேச்சைக் கேட்காது என்பதுதான் அவளை உறுத்தியது. அவன் பேச்சு உறுத்தவில்லை.

மாதக் கடைசியில் நாலு தெரு தள்ளி ஓர் இடம் பிடித்தாள். மேஜையை ஏற்றவந்த அன்று இன்ஜின்காரன் பின்னறை வாசலை அடைத்து ஒரு லாரியை நிறுத்திவைத்தான். லாரியின் சாவி எங்கே என்று தெரியவில்லை என்றான். சுமை ஆட்களோடு மதியம்வரை வெயிலில் நின்றாள். கேட்டுக் கெஞ்சவில்லை, திட்டவும் இல்லை. அவன் அலுத்துப்போய் வண்டியை எடுத்தான்.

புது இடத்தில் இப்போது வேலைக்குக் குறைவில்லை. ஒவ்வொரு இன்ஜெக்டரையும் கொண்டுவந்தவர் கண்முன்னாலேயே சோதித்துக் கொடுக்கிறாள். அந்த ஓட்டுநர் மட்டும் வந்ததே இல்லை. அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது என்று யாரோ சொன்னார்கள். வாரத்துக்கு இரண்டு முறை அவள் புதுக்கடை இருக்கும் தெரு வழியாகத்தான் லாரியில் போகிறார். அவள் நிமிர்ந்து பார்ப்பாள். அவர் திரும்புவதில்லை.