சுவரைக் கடந்த வீட்டுப்பாடம்

கம்பெனிச் சுவரில் வழி திறந்து நாற்பத்தொரு மணி நேரம் கழித்துத்தான் கம்பெனிக்கு அது தெரிந்தது. அதற்குள் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு நாள் அதன் வழியாகப் பள்ளிக்குப் போய்த் திரும்பியிருந்தார்கள். சுவர் இடிந்திருக்கவில்லை. பிள்ளைகள் குடியிருக்கும் சேரப்பணஞ்சேரிப் பக்கம் நாலடி அகலத்துக்குச் சுவர் இல்லை, அவ்வளவுதான். அங்கிருந்து இரண்டு மஞ்சள் கோடுகளுக்கு நடுவே ஒரு பாதை பழைய இரும்புக் கிடங்கையும் கேன்டீனையும் தாண்டி நேராகப் போய், எதிர்ச் சுவரிலும் நாலடி திறந்து, தொடக்கப்பள்ளியின் பின்பக்கம் முடிந்தது. பாதி வழியில் ஒரு மரம் நின்றது. அதன் இலைகள் நீலமாக இருந்தன. இரவு ரோந்து போன காவலாளி வில்சன் ஏதோ யோசனையில் கோட்டோடு நடந்து, பள்ளித் தண்ணீர்த் தொட்டியில் முழங்காலை இடித்துக்கொண்ட பிறகுதான் மேலே தகவல் போனது.

எல்லாம் வீட்டுப்பாடத்தால் வந்தது. வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை, வீட்டில் இருப்பவர்களோடு சேர்ந்து வரைந்து வரும்படி எவாஞ்சலின் டீச்சர் வெள்ளிக்கிழமை சார்ட் பேப்பர் கொடுத்து அனுப்பியிருந்தார். அந்த வகுப்பு யுவஸ்ரீயின் அம்மா பூமாரிக்கு அந்த ஞாயிறு ஓவர்டைம் வேலை. அப்பா அருள்பாண்டி ஒரகடத்தில் வேறொரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்த நாள் முதல் அவருக்கு நைட் ஷிஃப்ட். பகலெல்லாம் தூங்கி, இருட்டியதும் பஸ் ஏறிவிடுவார். அன்று மாலை வாரவிடுமுறையில் சும்மா இருந்தவர் தானே வந்து சார்ட்டை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்குத் தெரிந்த படம் ஒன்றுதான். கம்பெனித் தரையில் ஆள் நடக்கப் போட்டிருக்கும் மஞ்சள் கோடு. வீட்டிலிருந்து பள்ளிக்கு ஸ்கேல் வைத்து இரண்டு கோடு இழுத்தார்.

"நடுவுல மரம் ஏதும் நிக்கா?" என்று கேட்டார்.

"கீதுப்பா." மரம் எதுவும் கிடையாது. அவர் ஆசையாகக் கேட்டதால் சொன்னாள்.

"கீதாம்லா கீது. ஊருக்குப் போனா ஒன் பேச்சு எவனுக்குப் புரியும்?" என்று சிரித்துக்கொண்டே மரத்தைப் போட்டார். பச்சை கிரேயான் தேய்ந்து காகிதம் மட்டும் மிஞ்சியிருந்தது. நீலத்தை எடுத்துக்கொண்டார்.

படத்தில் சுவர் இல்லை. தினமும் அந்தச் சுவரைச் சுற்றிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போகிற யுவஸ்ரீக்கு அது உடனே கண்ணில் பட்டது. ஆனால் அப்பா அவளுடைய வீட்டுப்பாடத்துக்கு உட்கார்ந்தது அதுவரை இல்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு கோடு இழுக்கிற ஆளிடம் சுவரைப் பற்றிச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. மறுநாள் காலை ஆட்டோவுக்கு நிற்கும்போது, தெருமுனையிலிருந்து மஞ்சள் கோடு புறப்படுவதைப் பார்த்தாள். ஆட்டோவை விட்டுவிட்டு அதில் நடந்தாள். மற்ற பிள்ளைகளும் நடந்தார்கள்.

மூன்றாம் நாள் வில்சன் பாதையில் குறுக்கே நின்றுகொண்டார். "எங்கம்மா கும்பலா போறீங்க? பாஸ் கீதா?"

"ஹோம்வொர்க் கீது அங்கிள்," என்றாள் யுவஸ்ரீ.

அவர் சார்ட்டை வாங்கி மேலும் கீழும் பார்த்துவிட்டு, மரத்தையும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, விட்டுவிட்டார்.

கம்பெனி வழியை மூன்று முறை அடைத்தது. மூன்று முறையும் விடிந்தபோது செங்கற்கள் கோட்டுக்கு வெளியே ஒழுங்காக அடுக்கிக் கிடந்தன, சிமென்ட் ஒட்டாமல். கொத்தனாரே அந்த அடுக்கைப் பார்த்து வாய்விட்டுப் பாராட்டினார். மூட முடியாது என்றானதும், பாதுகாப்பு விதியையாவது கடைப்பிடிக்கட்டும் என்று பாதுகாப்பு அதிகாரி முடிவு செய்தார். ஒரு பக்கம் நுழையும் பிள்ளைகளுக்கு ஹெல்மெட் கொடுக்கப்பட்டது. மறுபக்கம் வந்ததும் கழற்றிக் கொடுக்க வேண்டும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது மூக்கு வரை இறங்கியதால் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்த நிலத்தை ஒரு காலத்தில் கம்பெனிக்கு விற்றவரான ஏகாம்பரநாதன், அது தன் தாத்தாவின் மாட்டுவண்டித் தடம் என்று டீக்கடையில் சொல்லிவந்தார். "அத்த எங்கியோ மோப்பம் புடிச்சிகினு வந்து வரைஞ்சிகீறான் அந்தாளு."

பெற்றோர்கள் சார்ட் பேப்பரோடு அருள்பாண்டியைத் தேடி வந்தார்கள். அவரும் பிள்ளைகளின் வீட்டுப்பாடம் என்று நினைத்து, தூக்கக் கலக்கத்தில் ரேஷன் கடைக்கும் படப்பை பஸ் நிறுத்தத்துக்கும் கோடு போட்டுக் கொடுத்தார். ஒரு கோடும் தரையில் இறங்கவில்லை. நீ சுவரையே திறந்த ஆள் ஆச்சே என்று யாராவது சொன்னால், இந்த ஊர்க்காரர்களின் வழக்கமான கிண்டல் என்று புரண்டு படுத்துக்கொண்டார். யுவஸ்ரீக்கு மட்டும் காரணம் பிடிபட்டது. ரேஷன் கடை அவர் மாதாமாதம் போகிற இடம், பஸ் நிறுத்தமும் அவருக்குத் தெரியும். சுவர்தான் அவர் அறியாதது. அவர் கண்ணால் பார்க்காத வரைக்கும்தான் அந்த வழி நிற்கும். அதை யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் பெற்றோர் கூட்டம் வந்தது. அதற்கு எப்போதும் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வருகிறவள் பூமாரி. அப்பா எங்கே என்று டீச்சர் கேட்டால் யுவஸ்ரீயிடம் பதில் இருந்தது. "ஸ்கூல் கேட் வரைக்கும் வந்தாரு மிஸ். பஸ் வந்துட்ச்சின்னு போயிட்டாரு." இந்த முறை டீச்சர் விடவில்லை. வரைந்தவரே வர வேண்டும் என்றார். அப்பா தன் வகுப்பில் வந்து உட்கார வேண்டும் என்பது ஒன்றாம் வகுப்பிலிருந்தே அவளுக்கு ஆசை. வந்தால் வழி மூடிக்கொள்ளும். எல்லாப் பிள்ளைகளும் மறுபடி ஆட்டோவுக்கு நிற்க வேண்டும். இரண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், "வாப்பா" என்று சொல்லிவிட்டாள்.

ஷிஃப்ட் முடிந்து இறங்கிய அதே யூனிஃபார்மில், கனத்த ஷூவோடு அவர் அவளுடன் நடந்தார். சுவர் வந்ததும் நின்றார். இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் சுவர், அதன் மேல் முள்கம்பி.

"இது கம்பெனிச் சுவருல்லா," என்றார்.

"ஆமாப்பா."

"அப்போ ஸ்கூலு?"

"அந்தாண்ட."

யுவஸ்ரீ கண்ணை இறுக்க மூடிக்கொண்டு செங்கற்கள் நகரும் சத்தத்துக்குக் காத்திருந்தாள். கேன்டீனில் யாரோ தட்டு கழுவுகிற சத்தம்தான் கேட்டது. கண்ணைத் திறந்தபோது அப்பா குந்தி உட்கார்ந்து, மஞ்சள் கோட்டைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் கோணலாப் போட்டுட்டேன்," என்று எழுந்தார். நீல மரத்தடியில் மறுபடி நின்றார். "இதுக்கு ஏன் நீலம்?"

"பச்ச தீந்துட்ச்சேப்பா."

"ஆமா, தீந்துட்டு," என்று ஒப்புக்கொண்டு நடந்தார்.

வழி அன்று மூடவில்லை. இன்றுவரை மூடவில்லை. யுவஸ்ரீ இப்போது படிப்பது ஆறாம் வகுப்பு. ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் கம்பெனியே ஆள் வைத்துக் கோட்டுக்கு மஞ்சள் அடிக்கிறது. உதிர்கிற நீல இலைகளை எந்தக் குப்பைத் தொட்டியில் போடுவது என்று கொஞ்ச காலம் குழப்பம் இருந்தது. பிறகு நீலத் தொட்டியில் போட்டார்கள்.

பெற்றோர் கூட்டத்தன்று வகுப்பில் பிள்ளைகளுக்கான பெஞ்சில், முழங்கால் நெஞ்சில் இடிக்க அருள்பாண்டி உட்கார்ந்தார். பேரன் பிரசாந்துக்காக வந்திருந்த ஏகாம்பரநாதன் பின்னால் திரும்பி, "எங்க தாத்தா தடம்னு ஒனக்கு யாருப்பா சொன்னது?" என்றார்.

"இருங்கய்யா," என்றார் டீச்சர். "யுவஸ்ரீ அப்பா, நீங்கதான் ஒவ்வொரு தடவையும் கேட் வரைக்கும் வந்துட்டுப் போறவராச்சே. அப்பவே வழியெல்லாம் பாத்து வெச்சிருந்தீங்களா?"

யுவஸ்ரீ குனிந்து தன் செருப்பைப் பார்த்தாள். அப்பா தலையை ஆட்டினால் போதும், டீச்சர் அடுத்தவரிடம் போய்விடுவார். அருள்பாண்டி மகளைப் பார்த்தார். அவள் நிமிரவில்லை. அவர் பெஞ்சிலிருந்து மெல்லக் கால்களை விடுவித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"நான் இந்த ஸ்கூலுக்கு வாரது இதான் மொதத் தடவ, டீச்சர்," என்றார். "பக்கத்துலதான் இருக்கும்னு நெனச்சு வரைஞ்சேன்."