மேற்கே இருக்கிற இந்தியா

சோதனை முடிந்து இரண்டு மணி நேரமாகியும் தவமணிக்கு இருப்புக்கொள்ளவில்லை. டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கடையில் வாங்கிய கோப்பி ஆறிப்போய்க் கிடந்தது. விடைகள் நாலு மணிக்குத்தான் இணையத்தில் வரும். நாற்பத்தைந்து கேள்விகளில் முப்பத்தாறு சரியென்றால் டேனிஷ் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். போன இரண்டு தடவையும் முப்பத்தைந்தில் வந்து நின்றவள் அவள்.

இருபத்திரண்டு வருடமாக இந்த நாட்டு வயதுபோனவர்களைக் குளிப்பாட்டி, சாப்பாடு தீத்திவிடுகிறவள். வீட்டில் புருஷனுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் டேனிஷ் கடவுச்சீட்டு. விமான நிலையத்தில் அந்த மூன்று பேரும் விறுவிறென்று ஒரு பக்கத்தால் போய்விட, இவள் மட்டும் மற்ற வரிசையில் நின்று கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லவேண்டும். அந்த வரிசையை நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும்.

எதிரே தியாகராஜன். தமிழ்நாட்டுப் பொறையாரிலிருந்து வந்த எஞ்சினியர். ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போகிற பழக்கத்தில் இருவரும் இந்தச் சோதனைக்குச் சேர்ந்து படித்தார்கள். படித்தார்கள் என்பதைவிட, அவன் கதைத்தான், இவள் கேட்டாள் என்பதுதான் சரி. "எங்க ஊருக்குப் பக்கத்துல தரங்கம்பாடி இருக்கே, அது இவங்க காலனிக்கா! 1845ல பிரிட்டிஷ்காரன்கிட்ட வித்துட்டுப் போனாங்க" என்று ஒரு மாதமாக அதே பாட்டு.

"தம்பி, அந்த வெஸ்ட்இண்டியன் கேள்விக்கு என்ன போட்டனீங்கள்?"

"அமெரிக்கா. ஈஸியாச்சேக்கா."

தவமணி ஆறிய கோப்பியைத் தள்ளி வைத்தாள்.

டேனிஷ் மொழியில் இந்தியாவுக்குப் பெயர் இண்டியன். அப்படியென்றால் வெஸ்ட்இண்டியன் மேற்கு இந்தியா. யாழ்ப்பாணத்தில் பிறந்தவளுக்கு இந்தியா மேற்கேதான்; பொழுது அந்தப் பக்கந்தான் விழும். டென்மார்க் அதை யாருக்கு விற்றது என்று கேட்டிருந்தார்கள். பிரான்ஸ், அமெரிக்கா, பிரிட்டன் என்று மூன்று விடைகள். அமெரிக்காவே பிரிட்டிஷ்காரனிடம் கிடந்த காலனி, அது எங்கே போய் இன்னொருவனிடம் ஊர் வாங்கப்போகிறது என்று அதை முதலிலேயே கழித்துவிட்டாள். பிரிட்டனுக்குப் புள்ளடி போட்டாள். சந்தேகமே இல்லாமல் போட்ட விடை அது ஒன்றுதான்.

"அது கரீபியன் பக்கம் இருக்கிற தீவுங்கக்கா. தரங்கம்பாடி இல்ல."

"மேற்கு இந்தியா எண்டுதானே கிடக்கு?"

"ஐயோ, தரங்கம்பாடி கிழக்குக் கடற்கரைக்கா!"

"உங்களுக்குக் கிழக்கு. எங்களுக்கு மேற்கு."

சிரிக்க வாயெடுத்தவன் அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

"அமெரிக்காவே காலனியாக் கிடந்ததெல்லோ, அது எப்பிடி வாங்கும்?"

 "காலனியா இருந்த நாடுதான்க்கா. அப்புறம் பெரிய ஆளாகி, அதுவே தீவு வாங்க ஆரம்பிச்சிடுச்சு. 1917ல வாங்கினது. இப்ப கிரீன்லாந்தையும் கேக்குது."

"கேக்கட்டும்" என்றாள் தவமணி எரிச்சலோடு. எழுந்து வாசல்வரை போனாள், திரும்பி வந்தாள். புருஷன் பாலேந்திரா இரண்டு தரம் போன் எடுத்தார். அவள் தூக்கவில்லை.

நாலு மணிக்கு விடைகள் வந்தன. தியாகராஜன் வாசிக்க வாசிக்க, அவள் தன் விடைகளைக் குறித்துக்கொண்டு வந்த கைக்குறிப்பில் சரி பார்த்தாள். அவனுக்கு நாற்பத்தொன்று. அவளுக்கு முப்பத்தைந்து.

தியாகராஜன் போனை மேசையில் கவிழ்த்து வைத்தான். பிறகு அவன், "மன்னிச்சிடுங்கக்கா. நான்தான் சும்மா இல்லாம அந்தக் கதையச் சொல்லிச் சொல்லி..." என்று இழுத்தான்.

"விக்கேக்க அந்தத் தீவுச்சனத்திட்ட ஆரும் ஒரு சொல்லுக் கேட்டவையே?"

அவன் போனில் தேடினான். "டென்மார்க்ல ஓட்டெடுப்பு வச்சிருக்காங்க. ஆனா தீவுல இருந்தவங்களுக்கு அதுல ஓட்டு இல்லியாம்."

தவமணிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தியாகராஜன்மேல் இல்லை; பாவம், அவன் தலையைக் குனிந்துகொண்டு இருந்தான். அவள் கைக்குறிப்பை நாலாக மடித்துக் கைப்பைக்குள் திணித்தாள்.

"உங்கட ஊரையும் இவைதான் வித்தவை. அந்தத் தீவையும் இவைதான் வித்தவை" என்றாள். "ஆருக்கு வித்தது எண்டு தெரியாததுக்கு, நான் பெயில்."