தொண்ணூறைத் தாண்டினால்

வேக முள் தொண்ணூறைத் தொட்டதும் வேன் ஒருமுறை முன்னே உந்தியது. பிறகு மனம் மாறியதுபோலத் தளர்ந்தது. மறுபடி உந்தியது. மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து இருக்கையில் இருந்த லோஜினி திரையில் ஓடிய கோடுகளைப் பார்த்தாள்.

"பாத்தியா தங்கச்சி? போவமா வேணாமான்னு யோசிக்குது" என்றார் வேன்காரர் லியனார்ட்.

கட்டுநாயக்க ஹைவே காலை வெயிலில் கோடு கிழித்தாற்போல நீண்டு கிடந்தது. ஹட்டனில் இப்படியொரு நேர் ரோட்டுக்கு எங்கே போவது? டிக்கோயா பாதையோரத்திலிருந்த தன் கராஜில் வைத்துத்தான் இந்த வேனின் எஞ்சின் கம்பியூட்டரில், எந்த வேகத்துக்கு எவ்வளவு டீசல் என்ற கணக்கை அவள் மாற்றி எழுதினாள். ஆள் நிறைந்திருந்தாலும் கினிகத்தேனை ஏற்றத்தில் திணறக்கூடாது என்று லியனார்ட் கேட்டிருந்தார். ஏற்றத்திலும் வளைவிலும் ஓட்டிப் பார்த்தாள். மலையில் அறுபதைத் தாண்ட வழியில்லை. அதற்கு மேலுள்ள வேகங்களுக்கான கணக்கை உத்தேசமாக நிரப்பிவிட்டாள்.

போன மாதம், வெளிநாட்டு வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஏர்போட்டுக்குப் போகையில் வேன் திடீரென்று உந்தி, முன்னால் போன லொறியை இடிக்கப் பார்த்தது. அதைக் கேட்டதிலிருந்து, முகம் தெரியாத அந்தப் பெண்கள் லோஜினியின் கனவில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் அவளைத் திட்டுவதில்லை. திட்டினால் தேவலை என்றிருக்கும். நாளை லியனார்ட் மறுபடி ஆள் ஏற்ற வேண்டும். பிழை தன்னுடையதுதானா என்று இன்றைக்குள் தெரிந்தாக வேண்டும்.

திரையில் டீசல் கோடு ஏறி இறங்கியது. ஆனால் ஒவ்வொரு முறையும் அதற்குச் சற்று முன்பே எக்ஸிலேட்டர் கோடு ஏறி இறங்கியது. எஞ்சின் கேட்டதைத்தான் கொடுக்கிறது. கேட்பது கால். காலை அசைக்காமல் வைக்கும்படி அவரிடம் சொன்னாள்.

"அசையாமத்தான் வச்சிருக்கேன். இந்தக் காலு எம் பொண்டாட்டி பேச்சையே கேக்காது, ஒங் கம்பியூட்டருக்கா ஆடப்போகுது?"

குனிந்து பார்த்தாள். அவர் காலிலிருந்த சப்பாத்து அசையவில்லை என்றுதான் தோன்றியது. எக்ஸிலேட்டர் மிதிக்குள் சென்சர் இரண்டு உண்டு. ஒன்று பழுதென்றால் இரண்டின் கோடுகளும் பிரிந்து போகும். இவை ஒன்றையொன்று விடாமல் சேர்ந்தே ஏறின, சேர்ந்தே இறங்கின. அப்படியென்றால் மிதி உண்மையிலேயே அசைகிறது. வேகத்தைத் தானாகப் பிடித்து வைக்கும் வசதி எதுவும் இந்த வேனில் கிடையாது.

என் கணக்கில் பிழையில்லை. அந்த நிம்மதி அவளுக்கு ஒரு மடக்குத் தேத்தண்ணி அளவுகூட நீடிக்கவில்லை.

ஜா-எலவில் ஹைவேயை விட்டு இறங்கித் திரும்பினார்கள். இப்போது அவள் ஓட்டினாள். லியனார்ட் கணினியை வாங்கிக்கொண்டார். எந்தக் கோட்டைப் பார்க்க வேண்டும் என்று விரலால் காட்டிக் கொடுத்திருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலை மிதியில் வைத்தாள். எழுபது. எண்பது. எஞ்சின் சீராக இரைந்தது. தொண்ணூறில், அவள் அழுத்தாமலே மிதி உள்ளங்காலை விட்டு விலகிக் கீழே போனது. பிறகு மேலே வந்து, தேடிக் கண்டுபிடித்ததுபோல, பாதத்தில் படிந்தது. அவள் இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க அது வலுவாகத் தள்ளியது. ஏற்கெனவே யாரோ கால் வைத்திருக்கும் இடத்தில் தன் காலையும் வைத்துவிட்டதுபோல அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

பிழை தன்னுடையதாகவே இருந்திருக்கக்கூடாதா என்று அப்போது நினைத்தாள். தன் பிழை என்றால் அழித்து எழுதிவிடலாம்.

"நீயுந்தான் ஆட்டுற" என்றார் லியனார்ட், திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

லோஜினி மெதுவாகக் காலை எடுத்தாள்.

வேன் தளரும் என்று காத்திருந்தாள். தளரவில்லை. உந்தலும் இல்லை. இரைச்சல் ஒரே சீராக நீண்டது.

"ஆங், இப்பத்தான் நேராப் போகுது" என்றார் அவர். "கோடு அப்பிடியே நிக்குது பாரு. காலை எடுத்துராத, இப்பிடியே வச்சுக்க." கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, லேசான குரலில் கேட்டார்: "அப்ப நாளைக்கு ஆள் ஏத்தலாந்தானே, தங்கச்சி?"

முள் தொண்ணூற்றிரண்டில் நின்றது. லோஜினியின் இரண்டு பாதங்களும் ரப்பர் விரிப்பின்மேல் அருகருகே இருந்தன. அவற்றுக்குச் சற்று மேலே எக்ஸிலேட்டர் பாதி அமிழ்ந்தபடி இருந்தது.