பெயர் வரும் இடம்

செத்தவீட்டு மண்டபத்தில் தம்பியின் நண்பன் கொலின் பாட்டின் முதல் வரியைப் பாடியதும் நிரஞ்சினி எழுந்து கமராவை நோக்கி நடந்தாள். ஓடினால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று நடந்தாள். பெட்டிக்குள் அவளுடைய தம்பி சிறிதரன் வேட்டி சால்வையோடு கிடந்தான். முப்பத்தெட்டு வயது. கோழி இறைச்சித் தொழிற்சாலையில் நின்ற நிலையிலேயே மாரடைப்பு வந்து விழுந்தவன்.

வீடியோ வேண்டாம் என்று அவள் தெளிவாகத்தான் சொல்லியிருந்தாள். வரதராஜா அங்கிள் கேட்கிற ஆளா? தமிழர் நிறைந்த இந்தப் பென்டில் ஹில்லில் எந்தச் செத்தவீடானாலும் பிணத்துக்கு முன்பே வந்து நிற்கிற மனிதர். கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற சொந்தங்கள் பார்க்கட்டும் என்று, இணையத்தில் நேரடியாகப் போக ஏற்பாடு செய்துவிட்டார். நல்ல மனசுதான். அந்த நல்ல மனசை நினைக்க நினைக்க அவளுக்கு எரிச்சல் வந்தது.

சிறிதரன் 2010இல் அகதியாகப் படகில் வந்தவன். தடுப்பு முகாமிலிருந்து வெளியே விட்டதும் ஒரு பழைய கிட்டாரை வாங்கினான். மதுக்கடைகளில் கன்ட்ரி இசைப் பாட்டுகள் பாடும் வெள்ளைக்காரரோடு சேர்ந்து, அந்த மெட்டுகளிலேயே தமிழில் பாட்டுக்கட்டினான். கொலின் அவனுக்குப் பான்ஜோ வாசித்தவன். இன்றைக்கு நண்பனுக்காக ஒரு சொல்லும் விளங்காமல் அந்தப் பாட்டை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தான். அவனைக் குறை சொல்லவும் முடியாது.

அது சிறிதரனின் புதிய இறுவட்டில் முதலாவது பாட்டு. ஊரிலே உருத்திரபுரத்தில் இருக்கும் மனைவிக்குப் பாடிய காதல் பாட்டு. வாய்க்காலோரத்து வீடும், வாசலில் நிற்கும் இரட்டைப் பனையும் அதில் வரும். பவளம் என்ற அவளுடைய பெயர் நாலு முறை வரும். அந்தப் பவளமோ, விசாரிக்க வருகிற இராணுவப் புலனாய்வுக்காரரிடம் மூன்று வருடமாக ஒரே பதிலைத்தான் சொல்லி வருகிறாள்: புருஷன் கடைசிச் சண்டையில் காணாமல் போய்விட்டார், ஒரு தகவலும் இல்லை. பொய்யென்று தெரிந்தால் அவளைக் கொண்டுபோவார்கள். அவளுடைய தமையனை அப்படித்தான் கொண்டுபோனார்கள், இன்னும் திரும்பி வரவில்லை. வீட்டில் ஏழு வயதில் ஒரு மகள்.

பெயரையாவது மாற்று என்று நிரஞ்சினி தம்பியிடம் கெஞ்சியிருந்தாள்.

"வேறை பேரைச் சொல்லிப் பாடினா அது ஆருடைய பாட்டு, அக்கா?" என்று கேட்டுவிட்டு அவன் சிரித்தான். அந்தச் சிரிப்புக்காக அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது. இப்போதும் அப்படித்தான் இருந்தது.

பெயர் மூன்றாவது வரியில் வரும். அவள் குனிந்து கமராவின் வயரைப் பிடுங்கினாள். வீடியோக்காரர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். இதுவரை என்னென்ன போனது என்று அவள் தாழ்ந்த குரலில் கேட்டாள். தொடக்கத்தில் படமும் முழுப்பெயரும் போட்டதாகவும், அறுபத்து மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்ததாகவும் அவர் சொன்னார்.

"எந்தெந்த நாட்டிலையிருந்து?"

"அது தெரியாது, அக்கா."

இணையம் அறுந்துபோய்விட்டது என்று அங்கிளிடம் சொன்னாள். அவரும் நம்பினார். அதன் பிறகு தேவாரம் பாடியதும், வாய்க்கரிசி போட்டதும், பெட்டிக்கு முன்னால் திரை மூடியதும் எதுவுமே அவள் மனதில் ஏறவில்லை. காட்டிக்கொடுக்க அறுபத்து மூன்று பேரில் ஒருவன் போதும் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

கார் நிறுத்துமிடத்துக்கு வந்தபோது பவளத்தின் அழைப்பு வந்தது. நிரஞ்சினி காருக்குள் ஏறிக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு எடுத்தாள்.

"முடிஞ்சுதோ, மச்சாள்?"

முடிந்தது என்றாள். அங்கே விசாரிக்க ஆரும் வந்தார்களா என்று நிரஞ்சினி கேட்டாள்.

"இன்னும் இல்லை." பவளம் குரலைத் தாழ்த்தினாள். "அந்தப் பாட்டை நான் ஒருக்காலும் கேக்கேல்லை. அனுப்பவா எண்டு எத்தினை தரம் கேட்டவர். பயத்திலை வேண்டாமெண்டுட்டன். இப்பப் போடுங்கோ. பேர் வாற இடத்திலை மட்டும் சத்தத்தைக் குறைச்சுவிடுங்கோ. போனையும் ஒட்டுக்கேப்பினம்."

நிரஞ்சினி இறுவட்டைக் காரில் போட்டு, கைபேசியை ஸ்பீக்கருக்குக் கிட்டப் பிடித்தாள். கிட்டார் எழுந்தது. பிறகு சிறிதரனின் குரல். முதல் முறை பெயர் வந்தபோது சரியாகக் குறைத்தாள். இரண்டாம் முறையும் தப்பவில்லை. மூன்றாம் முறை விரல் பிந்தியதில் முதல் எழுத்து வெளியே வந்துவிட்டது.

அடுத்த வரிகளுக்கிடையில் பவளத்தின் வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நிற்பது போனில் கேட்டது. நாய் குரைத்தது.

"ஓம் அன்ரி," என்றாள் பவளம், சத்தமாக, தெளிவாக. "மிளகாய்த்தூள் இடிச்சு வைச்சிருக்கிறன். ஆரும் வந்தா குடுத்துவிடுறன்."

நாலாவது முறை பெயர் வர இன்னும் இரண்டு வரி இருந்தது. நிரஞ்சினி பாட்டை நிறுத்தினாள்.

"உறைப்புக் கூடவாப் போட்டனியோ, பிள்ளை?" என்று அந்த அன்ரியாகவே கேட்டாள்.